சங்கத்தில் சேர்கிறவர்கள் இரண்டாம் ஆண்டில் ஏன் நிலைப்பதில்லை?

கேள்வி: உறுப்பியச் செயலாளர், வடவட்டாரம்

அனைவருக்கும் வணக்கம்.

சிங்கப்பூரின் வடக்கே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பேட்டைகளில் தொழில் நடத்தும் இந்திய வணிகர்களுக்கான சிறிய சங்கம் ஒன்றில் கடந்த ஜூலை மாதம் உறுப்பியச் செயலாளர் பொறுப்பை ஏற்றேன். நான் சொல்லப்போவதில் எங்கள் செயலவையின் குறைகளும் இருப்பதால் சங்கத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். மளிகைக் கடை, சாப்பாட்டுக் கடை, முடிதிருத்தகம், துணைப்பாட நிலையம், தையல் கடை, கணினிச் சேவை நிறுவனம், வீட்டிலிருந்தே கேக் செய்து விற்பவர் என்று பல வகையினரும் எங்களிடம் இருக்கிறார்கள். பெரும்பாலோர் மூன்று நான்கு பேரை வைத்துத் தொழில் பார்ப்பவர்கள்.

பொறுப்பேற்றதும் பழைய பதிவேடுகளை எடுத்துப் பெயர் பெயராக ஒப்பிட்டுப் பார்த்தேன். ஐந்து ஆண்டுகளாக எங்கள் எண்ணிக்கை 110ஐச் சுற்றியே நிற்கிறது. ஆண்டுதோறும் ஏறக்குறைய 30 பேரைப் புதிதாகச் சேர்க்கிறோம். ஏறக்குறைய 30 பேர் போய்விடுகிறார்கள். போகிறவர்களில் 20 பேர் அதற்கு முந்திய சேர்க்கையில் வந்தவர்கள். மற்ற 10 பேர் பழையவர்கள். அவர்களிலும் பலர் கடையை மூடியவர்கள் அல்லது ஓய்வு பெற்றவர்கள். ஆக, புதிதாக வருகிற மூவரில் இருவர் இரண்டாம் ஆண்டுச் சந்தாவைக் கட்டுவதே இல்லை.

சேர்க்கை நடக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்கு ஓரிரு மாதங்களுக்கு முன் செயலவை உறுப்பினர்கள் அணி பிரிந்து கடை கடையாகச் செல்வோம். ஆண்டுச் சந்தா 120 வெள்ளி. முதல் முறை சேர்பவர்களுக்குப் பாதி, அதாவது 60 வெள்ளி. சேர்ந்தவுடன் வாட்ஸ்அப் குழுவில் இணைத்து, தீபாவளி விருந்துக்கு இரண்டு நுழைவுச்சீட்டு கொடுப்போம். எங்கள் கணக்காண்டு ஜனவரியில் தொடங்குவதால் அந்த மாதம் எல்லாருக்கும் சந்தாக் கடிதம் போகும். ஏப்ரலில் ஆண்டுப் பொதுக்கூட்டம், இடையில் இரண்டு கருத்தரங்குகள். பொருள் சேவை வரி 2023ஆம் ஆண்டு 8 விழுக்காடாகவும் 2024ஆம் ஆண்டு 9 விழுக்காடாகவும் உயர்ந்தபோது அதைப் பற்றியும் ஒரு கருத்தரங்கு நடத்தினோம். வந்தவர்கள் 14 பேர்.

செயலவையில் இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. சந்தாவை 80 வெள்ளியாகக் குறைத்தால் நிலைப்பார்கள் என்பது ஒன்று. இன்னும் பெரிய விருந்து, பெரிய விருந்தினர், மேடையில் பாராட்டு என்று சங்கத்தின் மதிப்பை உயர்த்த வேண்டும் என்பது இன்னொன்று. எனக்கு இரண்டிலும் முழு நம்பிக்கை வரவில்லை. நம் வணிகர்களுக்குச் சங்கம் வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். என் தந்தையார் கடை நடத்திய காலத்தில், சரக்கு வராமல் போனாலும் வாடகை ஏறினாலும் நான்கு பேர் கூடிப் பேச ஓர் இடம் இருந்தது. அந்த இடம் இப்போது இல்லாததை ஒவ்வொரு கடைக்குப் போகும்போதும் உணர்கிறேன். வர்த்தக சபையிலோ வட்டார வணிகர் சங்கத்திலோ இந்தப் பொறுப்பைப் பார்த்தவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். சங்கத்தை விட்டு விலகியவர்கள் யாராவது இங்கே இருந்தால், அவர்கள் காரணத்தைச் சொல்வது இன்னும் உதவியாக இருக்கும்.


மறுமொழி 1: ஓய்வுபெற்ற கணக்காளர், ஒரு வணிகர் சங்கத்தின் முன்னாள் பொருளாளர்

ஐயா, உங்கள் கேள்வியிலேயே விடையின் பெரும்பகுதி இருக்கிறது. தீபாவளிக்கு முன், அதாவது செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் ஒருவரைச் சேர்க்கிறீர்கள். அவரிடம் 60 வெள்ளி வாங்குகிறீர்கள். ஜனவரியில் அவருக்கு 120 வெள்ளிக்குச் சந்தாக் கடிதம் அனுப்புகிறீர்கள். இதை நீங்கள் இரண்டாம் ஆண்டு என்று எழுதுகிறீர்கள்; அவருக்கோ அது மூன்றாம் மாதம் அல்லது நான்காம் மாதம். இதற்கிடையில் சங்கம் அவருக்குச் செய்தது ஒரு விருந்து மட்டுமே. ஆண்டுச் சந்தா கட்டிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் கடைக்காரருக்கு, மூன்றே மாதத்தில் இருமடங்குத் தொகைக்கு ஒரு கடிதம் வந்தால், அவர் அதை ஏமாற்றம் என்றுதான் எடுத்துக்கொள்வார். வாய்விட்டுச் சொல்ல மாட்டார். கடிதத்தைக் கல்லாவுக்கு அடியில் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார்.

ஆகவே சந்தாத் தொகையைத் தொடுவதற்கு முன் சந்தா எந்தத் தேதியில் தொடங்குகிறது என்பதை மாற்றுங்கள். சேர்ந்த மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதங்கள் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கணக்கு வைப்பது இக்காலத்தில் கடினமான வேலை இல்லை. ஒரு விரிதாளில் ஒரு கூடுதல் பத்தி போதும். கணக்காண்டு ஜனவரியில் தொடங்குவதற்கும் உறுப்பியம் எப்போது தொடங்குகிறது என்பதற்கும் தொடர்பு இருக்க வேண்டியதில்லை. உங்கள் சங்க விதிகளில் சந்தா செலுத்த வேண்டிய மாதம் எழுதப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எழுதப்பட்டிருந்தால் பொதுக்கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றி, சங்கப் பதிவாளரின் ஒப்புதலைப் பெற்ற பிறகுதான் திருத்தம் நடைமுறைக்கு வரும். அதுவரை காத்திருக்க முடியாது என்றால், கடைசி நான்கு மாதங்களில் சேர்பவர்களின் சந்தா அடுத்த ஆண்டு முழுமைக்கும் செல்லும் என்று முடிவு செய்ய உங்கள் விதிகள் இடம் தருகின்றனவா என்று பாருங்கள்.

இரண்டாவதாக, நீங்கள் கொடுத்த எண்களை வைத்து ஒரு கணக்குப் போட்டேன். புதியவர் 30 பேரில் 10 பேர் தங்குகிறார்கள். பழையவர் 80 பேரில் 10 பேர், அதாவது எட்டில் ஒருவர், ஆண்டுதோறும் விலகுகிறார்கள். பத்துப் பேர் உள்ளே, பத்துப் பேர் வெளியே. அதனால் பழையவர் 80, புதியவர் 30, ஆக மொத்தம் 110 என்ற இடத்தில் உங்கள் சங்கம் அசையாமல் நிற்கிறது. இப்போது ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். சேர்க்கையை அதிகப்படுத்தாமல், அதே 30 பேரில் 10 பேருக்குப் பதிலாக 20 பேர் தங்கினால் என்ன ஆகும்? பழையவர்களில் எட்டில் ஒருவர் விலகுவது அப்படியே தொடர்ந்தாலும், பழையவர் எண்ணிக்கை 160 ஆகும் வரை சங்கம் வளர்ந்துகொண்டே போகும். புதியவர்களையும் சேர்த்தால் 190. அந்த நிலையை எட்டப் பல ஆண்டுகள் ஆகும் என்றாலும் முதல் ஆண்டிலேயே பத்துப் பேர் கூடியிருப்பார்கள். இதே 190ஐச் சேர்க்கை மூலம் மட்டும் எட்ட வேண்டுமானால் நீங்கள் ஆண்டுக்கு 50 பேருக்கு மேல் சேர்க்க வேண்டும். எந்த வேலை எளிது என்பதைச் செயலவையின் முன் இந்த எண்களை வைத்துக் கேளுங்கள். பழையவர்களிடம் உங்கள் சங்கத்துக்குப் பெரிய குறை இல்லை. ஓய்வு பெறுபவர்களையும் கடை மூடுபவர்களையும் யாரும் தடுக்க முடியாது.

பாதி விலைச் சலுகையை நிறுத்திவிடுங்கள் என்பது என் கருத்து. 60 வெள்ளிக்கு வந்தவர் மனத்தில் சங்கத்தின் விலை 60 வெள்ளி என்றே பதிந்துவிடும். ஒரு சலுகை கொடுத்தே ஆக வேண்டும் என்றால், முதல் முறை இடைவெளியின்றிப் புதுப்பிப்பவருக்குக் கொடுங்கள்.

மூன்றாவது, சிறிய விஷயம் போலத் தோன்றினாலும் நான் பொருளாளராக இருந்தபோது பலமுறை பார்த்தது. சந்தாக் கடிதம் யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள். சேரும்போது படிவத்தில் கையெழுத்திட்டவர் முதலாளி. கடிதம் போவதோ கணக்கு எழுதும் ஊழியருடைய மின்னஞ்சலுக்கு. அவர் வேலை மாறிப் போயிருப்பார். எங்கள் சங்கத்தில் ஒரு முறை சந்தா கட்டாதவர்களைத் தொலைபேசியில் அழைத்தபோது, அவர்களில் பலர் தாங்கள் இன்னும் உறுப்பினர்களாகத்தான் இருக்கிறோம் என்று நினைத்திருந்தார்கள். அதன் பிறகு ஒவ்வோர் உறுப்பினருக்கும் இரண்டு தொடர்பு எண்களை வாங்கி வைத்தோம். வங்கிக் கணக்கிலிருந்து சந்தா தானாகக் கழியும் ஜைரோ முறைக்கு ஒப்புதல் கொடுத்தவர்களுக்குக் கடிதமே தேவைப்படவில்லை. கைப்பேசியில் வருடிப் பணம் செலுத்தும் பேநவ் குறியீட்டைக் கடிதத்திலேயே அச்சிட்டதும் கைகொடுத்தது. காசோலை எழுத மறந்து விலகிப் போனவர்கள், சங்கத்தை வெறுத்து விலகியவர்கள் அல்லர்.


மறுமொழி 2: மளிகைக் கடைக்காரர், விலகியவர்

வணக்கம். விலகியவர் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். நான் இருந்தது வேறு ஒரு சங்கம். சில ஆண்டுகள் இருந்துவிட்டு விலகினேன். எழுத்தில் எனக்கு அதிகப் பழக்கமில்லை என்றாலும் இதைச் சொல்லியாக வேண்டும் என்று நினைக்கிறேன்.

என் கடை புளோக்குக்குக் கீழே இருக்கிறது. 2021 டிசம்பரில், சமூக மேம்பாட்டு மன்றங்கள் குடும்பங்களுக்குக் கொடுக்கும் சிடிசி பற்றுச்சீட்டுகள் மின்னிலக்க வடிவத்துக்கு மாறின. அதற்குமுன் தாளில் வந்ததை வாங்கிக் கல்லாவில் வைத்துப் பழகியவன் நான். செயலியைப் பதிவிறக்குவது, கடையைப் பதிவு செய்வது, வாடிக்கையாளர் காட்டும் குறியீட்டை வருடி எடுப்பது, பணம் வங்கிக் கணக்கில் வந்துவிட்டதா என்று பார்ப்பது எல்லாம் எனக்குப் புதியவை. சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். ஒருவர் கைகூப்பும் படம் போட்டார். இன்னொருவர் அரசாங்க இணையத்தளத்தின் முகவரியை அனுப்பினார். அதற்குக் கீழே பத்துப் பிறந்தநாள் வாழ்த்துகள் வந்து என் கேள்வி மேலே போய்விட்டது. கடைசியில் பக்கத்து முடிதிருத்தகக்காரரின் மகள், பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் பிள்ளை, ஒரு மணி நேரம் என் கடையில் நின்று எல்லாவற்றையும் செய்து கொடுத்தாள். ஒரு காசு வாங்கவில்லை.

2024 ஜனவரியில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 500 வெள்ளிப் பற்றுச்சீட்டு கொடுத்தார்கள். அதில் பாதியை உணவங்காடிக் கடைகளிலும் எங்களைப் போன்ற அக்கம்பக்கக் கடைகளிலும்தான் செலவழிக்க முடியும். அந்த மாதம் அரிசி மூட்டையும் எண்ணெயும் நான் விற்றது போல் அதற்குமுன் விற்றதில்லை. அந்தப் பிள்ளை உதவியிருக்காவிட்டால் அத்தனை வாடிக்கையாளரும் அடுத்த புளோக்குக்குப் போயிருப்பார்கள். சந்தாக் கடிதம் வந்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது இதுதான். 120 வெள்ளி பெரிய தொகை இல்லை. தேவைப்பட்ட ஒரு நேரத்தில் சங்கத்திலிருந்து ஓர் ஆள் கடைக்கு வந்திருந்தால் 200 வெள்ளி கேட்டாலும் கொடுத்திருப்பேன்.

விருந்துக்கு நான் போனதே இல்லை. தீபாவளி வாரத்தில் மளிகைக் கடைக்காரன் கடையை விட்டு எங்கே போக முடியும்?


மறுமொழி 3: தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் 30 ஆண்டுகள், பல செயலவைகளில் இருந்தவர்

மேலே இருவரும் சொன்னதை நான் ஏற்கிறேன். ஆனால் கடை கடையாகப் போய் உதவுவதுதான் தீர்வு என்று செயலவை உற்சாகமாக இறங்கி, ஆறே மாதத்தில் களைத்துப்போனதை இரண்டு சங்கங்களில் பார்த்திருக்கிறேன் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். செயலவையில் இருப்பவர்கள் எல்லாரும் தொண்டூழியர்கள். அவர்களுக்கும் கடை இருக்கிறது. 110 கடைகளுக்கும் போக முடியாது. போகவும் வேண்டாம். புதிதாகச் சேர்ந்த 30 பேரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். செயலவையில் 10 பேர் இருந்தால் ஆளுக்கு மூவர். சேர்ந்த இரண்டு வாரத்துக்குள் ஒரு முறை, மூன்றாம் மாதம் ஒரு முறை, புதுப்பிக்கும் தேதிக்கு இரண்டு மாதம் முன்பு ஒரு முறை. ஆளுக்கு ஆண்டில் ஒன்பது தடவை என்பது யாராலும் முடியும். போகிறவர் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டு, விடையைக் குறித்துக்கொண்டு வந்தால் போதும்: இந்த மாதம் தொழிலில் உங்களை அதிகமாகத் தொந்தரவு செய்வது எது? அந்த 30 விடைகளும் ஒரு தாளில் சேரும்போது, அடுத்த கருத்தரங்கு எதைப் பற்றி இருக்க வேண்டும் என்று செயலவை ஊகிக்க வேண்டியிருக்காது. உங்கள் வரிக் கருத்தரங்குக்கு 14 பேர் மட்டும் வந்ததற்கு ஒரு காரணம் எனக்குத் தெரிகிறது. ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளியைத் தாண்டினால்தான் பொருள் சேவை வரிக்குப் பதிவு செய்வது கட்டாயம். உங்கள் உறுப்பினர்களில் எத்தனை பேர் அந்த அளவைத் தொடுவார்கள்? மற்றவர்களுக்கு வேண்டியிருந்தது, கொள்முதல் விலை ஏறும்போது தங்கள் விற்பனை விலையை எப்படி அமைப்பது என்ற பேச்சு.

இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். உலகில் வர்த்தக சபைகள் இரண்டு வழிகளில் வளர்ந்தன. 1599ஆம் ஆண்டு பிரான்சின் மார்செய் நகரில் தோன்றியதைத்தான் முதல் வர்த்தக சபை என்பார்கள். ஐரோப்பாவின் சில நாடுகளில் இன்றும் உறுப்பியம் சட்டப்படி கட்டாயம். ஜெர்மனியில் 1956ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் வைத்திருக்கிறது. அங்கே உறுப்பினரைத் தேடிப் போகும் வேலை சபைக்கு இல்லை. நம் நாட்டில் 2002ஆம் ஆண்டு அமைந்த சிங்கப்பூர் வர்த்தகச் சம்மேளனம் ஓரளவு அந்த வழியைச் சேர்ந்தது. செலுத்தப்பட்ட மூலதனம் 5 லட்சம் வெள்ளியும் அதற்கு மேலும் உள்ள உள்ளூர் நிறுவனங்கள் சட்டப்படி அதன் உறுப்பினர்கள். மற்றவை எல்லாம் வணிகர்கள் தாமாக விரும்பிக் கூடியவை. 1837இல் தொடங்கிய சிங்கப்பூர் அனைத்துலக வர்த்தக சபை, 1906இல் தொடங்கிய சீன வர்த்தக சபை, 1924இல் இந்திய வணிகர் சங்கம் என்ற பெயரில் தொடங்கிய இன்றைய சிங்கப்பூர் இந்திய வர்த்தகத் தொழிற்சபை, 1956இல் தொடங்கிய மலாய் வர்த்தக சபை என்று எதை எடுத்தாலும், யாரும் கட்டாயப்படுத்தாமல் வந்தவர்களைக் கொண்டே நிற்கின்றன. உங்கள் சங்கமும் அப்படித்தான். தாமாக வந்தவர் தாமாகப் போகவும் முடியும் என்பதால், ஆண்டுக்கு ஒரு முறையாவது அவர் இருப்பதற்கு ஒரு காரணத்தை நீங்கள் கொடுத்தாக வேண்டும்.

அந்தக் காரணத்தைப் பெரிய சபைகளிடமிருந்து நகலெடுக்காதீர்கள். தொழிற்சபைகளில் சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கான நிலையங்கள் இருக்கின்றன. இந்திய வர்த்தகத் தொழிற்சபையிலும் ஒன்று உண்டு. மானியம் பற்றி விளக்குவதற்குப் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் அங்கே இருக்கிறார்கள். தொழிலுக்கு வேண்டிய மென்பொருளும் கருவியும் வாங்க அரசாங்கம் கொடுக்கும் உற்பத்தித்திறன் தீர்வு மானியம் தகுதியுள்ள செலவில் 50 விழுக்காடு வரை ஈடுசெய்யும் என்பதைச் சொல்ல நீங்கள் ஒரு மண்டபம் எடுத்துக் கருத்தரங்கு நடத்த வேண்டியதில்லை. உங்கள் உறுப்பினரை அழைத்துக்கொண்டு போய் அந்த ஆலோசகருக்கு முன் உட்கார வையுங்கள். அவர் ஆங்கிலத்தில் கேட்பதைத் தமிழில் விளக்கி, கடைக்காரர் சொல்வதை அவரிடம் எடுத்துச் சொல்லி, விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு மாதம் கழித்துக் கேளுங்கள். பெரிய சபையால் செய்ய முடியாத அந்த இடைப்பட்ட வேலைதான் உங்களுடையது.

பெரிய சபைகளால் மட்டுமே முடிகிற வேலையும் இருக்கிறது. இந்திய உணவகங்களுக்கு ஊரிலிருந்து சமையல்காரர்களை வேலை அனுமதிச் சீட்டில் அழைத்து வர முடியாத நிலை நெடுங்காலம் இருந்தது. 2023ஆம் ஆண்டு மனிதவள அமைச்சு அந்த விதியைத் தளர்த்தியது. தனிக் கடைக்காரர் ஒருவர் அமைச்சுக்குக் கடிதம் எழுதி இது நடக்காது. தொழில் முழுவதும் ஒரே குரலில், எண்ணிக்கையோடு சொன்னால்தான் இத்தகைய விஷயங்கள் அமைச்சின் கவனத்துக்குப் போகும். அந்த எண்ணிக்கையை மேலே கொண்டுபோய்க் கொடுப்பது வட்டாரச் சங்கங்களின் கடமை. உங்கள் பகுதிக்கு இப்போதே ஒன்று கண்ணெதிரே இருக்கிறது. ஊட்லண்ட்ஸ் நார்த்துக்கும் மலேசியாவில் ஜோகூரின் புக்கிட் சாகாருக்கும் இடையிலான ஆர்டிஎஸ் ரயில், ஒரு திசையில் மணிக்கு 10,000 பயணிகள் வரை ஏற்றிச் செல்லும் வகையில் கட்டப்பட்டிருக்கிறது. வார இறுதியில் மளிகை வாங்கவும் முடிவெட்டவும் அந்தப் பக்கம் போகிறவர்கள் கூடுவார்கள் என்ற அச்சம் வடக்கே கடை வைத்திருக்கும் எல்லாருக்கும் இருக்கும். அந்தப் பக்கத்திலிருந்து இங்கே வருபவர்களுக்கு எதை விற்கலாம் என்ற கேள்வியும் இருக்கிறது. இதைப் பற்றி உங்கள் உறுப்பினர்கள் 30 பேரை உட்கார வைத்துப் பேசினால், எந்த விருந்துக்கும் வராதவர்கள்கூட வருவார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

விருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதை நிறுத்த வேண்டாம். பழைய உறுப்பினர்கள் அதற்காகவே வருகிறார்கள். அவர்கள் மகிழ்ச்சியும் முக்கியம். தீபாவளிக்குப் பிறகு, நவம்பர் கடைசியிலோ பொங்கலை ஒட்டியோ வைத்துக்கொள்ளுங்கள். மேலே மளிகைக் கடைக்காரர் கடைசி வரியில் கேட்ட கேள்வி செயலவையில் யாருக்கும் தோன்றாமல் போனது எனக்கு வருத்தமாக இருந்தது.


மறுமொழி 4: துணைப்பாட நிலையம் நடத்துபவர்

வணக்கம். நான் ஒரு வணிகர் சங்கத்தில் நான்கு ஆண்டுகளாக உறுப்பினர். சந்தாவையும் தவறாமல் கட்டுகிறேன். ஆனால் ஒரு கூட்டத்துக்குக்கூட என்னால் போக முடிந்ததில்லை. கூட்டங்கள் வார நாள்களில் இரவு 7.30க்கு நடக்கும். என் நிலையத்தில் பிற்பகல் 3 மணி முதல் இரவு 9 மணி வரை வகுப்பு. வார இறுதியில் காலையிலிருந்தே வகுப்பு. பள்ளி விடுமுறையில் எனக்கு நேரம் இருக்கும்போது சங்கத்தில் எதுவும் நடப்பதில்லை. வார நாளில் காலை 10.30க்கு ஒரு மணி நேரம் வைத்தால் என்னைப் போன்றவர்களும், வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்களும் வருவார்கள். எல்லாக் கூட்டத்தையும் மாற்ற வேண்டியதில்லை. மூன்றில் ஒன்றை மாற்றிப் பாருங்கள்.

பொருளாளர் ஐயா இரண்டு தொடர்பு எண்கள் வாங்கச் சொன்னார். அதில் இரண்டாவது பெயர் யாருடையது என்பதையும் கவனியுங்கள். எங்கள் படிவத்தில் என் கணவர் பெயர் மட்டுமே இருக்கிறது. நிறுவனத்தைப் பதிவு செய்தது அவர் பெயரில் என்பதால் அப்படி. நிலையத்தை நடத்துவது நான். அழைப்பிதழ், குறுஞ்செய்தி, வாட்ஸ்அப் குழு எல்லாம் அவருக்கே போகின்றன. அவர் வேறு இடத்தில் முழுநேர வேலையில் இருக்கிறார். எங்கள் வட்டாரத்தில் இப்படி எத்தனையோ கடைகள் உண்டு. கல்லாவில் நிற்பவரிடம் பேசாமல், பதிவில் இருப்பவரிடம் மட்டும் சங்கம் பேசிக்கொண்டிருந்தால் யாரும் நிலைக்க மாட்டார்கள்.


கேட்டவரின் பதில்: உறுப்பியச் செயலாளர், வடவட்டாரம்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. முதல் மறுமொழியைப் படித்த இரவே பதிவேட்டை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். கடந்த சேர்க்கையில் வந்து விலகிய 20 பேரில் 17 பேர் செப்டம்பருக்கும் நவம்பருக்கும் இடையில் சேர்ந்தவர்கள். ஆண்டின் முற்பகுதியில், சேர்க்கை இயக்கம் எதுவும் இல்லாமல் தாமாக வந்து சேர்ந்தவர்கள் எட்டுப் பேர். அவர்களில் ஐவர் இன்னமும் இருக்கிறார்கள். இந்த எண்களை ஐந்து ஆண்டுகளாக யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. நானும் ஜூலையிலிருந்து பார்க்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் விதிகளில் சந்தா ஜனவரி 31க்குள் செலுத்தப்பட வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ஆகவே விதியைத் திருத்துவதற்கான தீர்மானத்தை ஏப்ரல் பொதுக்கூட்டத்தில் வைக்கிறோம். ஆனால் செப்டம்பருக்குப் பிறகு சேர்பவர்களின் சந்தாவை அடுத்த ஆண்டுக்குரியதாக ஏற்றுக்கொள்ளச் செயலவைக்கு அதிகாரம் இருக்கிறது என்று செயலாளர் உறுதிப்படுத்தினார். இவ்வாண்டே அப்படிச் செய்கிறோம். பாதி விலைச் சலுகையை நிறுத்துவதில் இருவருக்கு மனமில்லை. இருந்தாலும் 110, 190 கணக்கைத் தாளில் போட்டுக் காட்டியதும் ஓராண்டு முயன்று பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். விருந்து ஜனவரிக்கு மாறுகிறது. வார நாள் காலைக் கூட்டம் ஒன்றையும் மார்ச் பள்ளி விடுமுறையில் வைக்கிறோம். பொருள், ஆர்டிஎஸ் ரயிலும் நம் கடைகளும். படிவத்தில் கடையை அன்றாடம் நடத்துபவரின் பெயர் என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன்.

விலகிய 20 பேரையும் நானே நேரில் பார்க்கப் போகிறேன். திரும்பச் சேருங்கள் என்று கேட்பதற்காகப் போகவில்லை. மூன்றாம் மாதத்தில் அந்தக் கடிதம் போனதற்கு வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று தோன்றுகிறது. மளிகைக் கடைக்கார அண்ணனிடம் ஒன்று கேட்கலாமா? கடைக்காரர் ஒருவருக்குத் தொந்தரவு இல்லாமல் எப்போது போவது நல்லது? நாங்கள் வழக்கமாகச் சனிக்கிழமை மாலையில், மூன்று நான்கு பேராகப் போவோம்.


மறுமொழி 5: மளிகைக் கடைக்காரர், விலகியவர்

சனிக்கிழமை மாலை வேண்டாம், தம்பி. அந்த நேரத்தில் யார் வந்தாலும் எப்போது போவார் என்றுதான் மனம் நினைக்கும். காலையிலும் வேண்டாம், பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையிலிருந்து காய்கறி வந்து இறங்கும், அதைப் பிரித்து அடுக்கவே பத்து மணி ஆகிவிடும். செவ்வாய், புதன் பிற்பகல் 2.30 மணியிலிருந்து 4 மணி வரை கடை ஓய்வாக இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் திரும்பும்போது மறுபடியும் கூட்டம் வந்துவிடும். சாப்பாட்டுக் கடைக்கும் அதே நேரம் பொருந்தும். முடிதிருத்தகம் என்றால் வார நாள் முற்பகலில் போங்கள்.

நாலு பேராகப் போக வேண்டாம். நாலு பேர் சேர்ந்து வாசலில் நின்றால் நன்கொடைச் சீட்டுப் புத்தகத்தோடு வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிடுவோம். ஒருவர் போதும். கையில் படிவம் இருக்க வேண்டாம். பேசிக்கொண்டிருக்கும்போது வாடிக்கையாளர் வந்தால் ஓரமாக ஒதுங்கி நில்லுங்கள். அவர் போன பிறகு கடைக்காரரே விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடங்குவார். என் கடைக்கும் ஒரு நாள் வாருங்கள். பற்றுச்சீட்டுச் செயலி எனக்கு இப்போது நன்றாகவே பழகிவிட்டது. உங்கள் உறுப்பினர்களில் யாருக்காவது அதைக் காட்டித் தர வேண்டுமென்றால், அந்த நேரத்தில் அவர்களையும் அழைத்து வாருங்கள்.